1776 வேற, 1787 வேற

மேல ஒருத்தர் "1776 ஜூலை 4ல அமெரிக்க அரசியல் சட்டம் கையெழுத்தாச்சு, ஜெஃபர்சன் எழுதினார், வாஷிங்டன் உடனே பிரசிடெண்ட் ஆனார்"னு போட்டிருக்காங்க. சிட்டிசன்ஷிப் டெஸ்டுக்குப் படிக்கிறவங்க தயவுசெஞ்சு இத அப்படியே மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு ஆவணமும் ஒண்ணாக் கலந்துபோச்சு.

ஜூலை 4ல ஏத்துக்கிட்டது சுதந்திரப் பிரகடனம். அத முதன்மையா எழுதினது ஜெஃபர்சன்தான், அது சரி, ஆனா அன்னைக்கே எல்லாரும் கையெழுத்துப் போடல, பெரும்பாலானவங்க ஆகஸ்ட் 2லதான் போட்டாங்க.

அரசியல் சட்டம் எழுதினது 1787ல, பிலடெல்பியாவுல, செப்டம்பர் 17 அன்னைக்கு 39 பேர் கையெழுத்து. அப்போ ஜெஃபர்சன் பிரான்ஸ்ல தூதரா இருந்தார், அந்தக் கூட்டத்துலயே இல்ல, அதுல முக்கியமான ஆள் மேடிசன். இடைப்பட்ட காலத்துல நாடு எப்படி ஓடுச்சுன்னு யாரும் சொல்றதே இல்ல, 1781ல இருந்து கூட்டமைப்பு விதிகள்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல காங்கிரசுக்கு, அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு, வரி போடவே அதிகாரம் கிடையாது, மாநிலங்கள்கிட்ட கேட்டு வாங்கணும், தேசிய அளவுல நிர்வாகத்த நடத்த பிரசிடெண்டும் இல்ல தேசிய நீதிமன்றமும் இல்ல, சுதந்திரப் போர்க் கடன் வேற கழுத்த நெரிச்சுது, அதனாலதான் புதுசா ஒண்ணு எழுத வேண்டி வந்துச்சு. இதப் புரிஞ்சுக்கிட்டா காங்கிரஸ், பிரசிடெண்ட், நீதிமன்றம்னு மூணு பிரிவு அரசாங்கம் ஏன்ங்கிறதும் தானா புரியும்.

எழுதினதும் அமலுக்கு வந்துடல. 13ல 9 மாநிலம் ஒத்துக்கணும், ஒன்பதாவதா நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன்ல ஒத்துக்கிச்சு. வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30, அதுவும் நியூயார்க்ல. பேச்சுரிமை, மத உரிமையெல்லாம் வர்ற முதல் பத்து திருத்தங்கள் 1791லதான் சேர்ந்துச்சு.

டெஸ்ட்ல அரசியல் சட்டம் எழுதின வருஷம் கேட்டா 1787னு சொல்லுங்க.