வாரிசு இல்லாதவர்களும் முன்னோர்தான்

கயானா, டிரினிடாட், ஃபிஜி, டர்பன் என்று கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது மேடையேறி ஒரு கேள்வி கேட்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்களே, அவர்கள் யார்? ஆணை நேசித்த ஆண், பெண்ணோடு வாழ்ந்த பெண், திருநர். இப்படி ஒரு நாடகம் என்று சொன்னாலே நம் ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "ஆதாரம் இருக்கா?"

சரி, ஆதாரம் எந்தக் காகிதத்தில் இருக்கும்? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதியான நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. யாரை நினைத்து அழுதார்கள் என்று எழுத அதில் இடம் கிடையாது. ஆணுக்கு ஆண் கொண்ட உறவு எழுத்தில் வருவது பெரும்பாலும் கப்பல் மருத்துவ அதிகாரியின் அறிக்கையிலும் கோர்ட் காகிதத்திலும்தான், அதுவும் குற்றமாக. தண்டித்தவன் எழுதி வைத்தது மட்டும்தான் வரலாறு என்றால், அந்த மனிதர்களின் மறுபக்கத்தை யார் சொல்வது? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டே கற்பனை செய்ய நாடகத்தால் முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த நாடகங்கள் மேல் பயம் உண்டு. 100 ஆணுக்கு 40 பெண் என்று பின்னாளில் விதி வைத்துத்தான் ஆள் ஏற்றினார்கள். அதை வைத்து, பெண் கிடைக்காததால்தான் ஆண்கள் ஆண்களிடம் போனார்கள் என்று அன்றைய அதிகாரிகள் பேசிய பேச்சையே மேடையிலும் பேசிவிடக் கூடாது. ஆசையைப் பஞ்சக் கணக்காக்குவது அது. பெண்களுக்கு அங்கே நடந்த கொடுமையை, தோட்டங்களில் நடந்த கொலைகளை, காதல் கதைக்காக மறைப்பதும் தப்பு.

நமக்கோ கூலி என்றாலே கண்ணீர்தான். கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது நியாயமான அழுகை. ஆனால் அதற்கப்புறம் நாம் அவர்களை அழ மட்டுமே விட்டிருக்கிறோம். சிரித்தார்கள், ஆடினார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் பைத்தியமாக இருந்தார்கள் என்று நினைக்கவே நமக்குக் கூச்சம்.

பிள்ளை பெறாதவர் எப்படி முன்னோர் ஆவார் என்றும் ஒரு நண்பர் கேட்டார். நம் ஊரில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னி தெய்வமாக வைத்து, சேலை வைத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் எத்தனை! வம்சம் தராதவர்களையும் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேடையும் புதிதில்லை. டர்பன் தோட்டங்களுக்குத் தெருக்கூத்து போனது. பெண் வேடம் கட்டியது ஆண்கள். இலங்கை மலையகத்தில் (அங்கே கங்காணி என்ற மேஸ்திரி ஆள் சேர்த்துக் கூட்டிப்போன முறை, கதை வேறு) காமன் கூத்தின் ரதியும் ஆண்தான். கயானாவில் சென்னை வழியாகப் போனவர்களின் வழிவந்தோர் கும்பிடும் மதராசிக் கோயில்களில் மாரியம்மன் ஆண் உடம்பிலும் இறங்கிப் பேசுகிறாள். வேடம் கட்டியவர்கள் எல்லாரும் திருநர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடிந்த பிறகும் அந்தச் சேலையைக் கழற்ற மனமில்லாத ஒருவர்கூடவா இருந்திருக்க மாட்டார்?

அதே கயானாவில், ஆண் ஒருவர் தகாத நோக்கத்தோடு பெண் உடையில் பொது இடத்துக்கு வருவது குற்றம் என்று 1893-இல் சட்டம் போட்டார்கள். கூலிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலம். 2009-இல் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் சில திருநங்கைகளை அந்தச் சட்டத்தில்தான் கைது செய்தார்கள். வழக்கு நடந்து, 2018-இல்தான் கயானாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான கரீபிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதை வைத்தே ஒரு முழு நாடகம் போடலாம்.

தமிழ்நாட்டில் யாராவது இதைக் கையில் எடுத்தால் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்காலி, நீல விளக்கு, ஒருத்தர் மட்டும் மெல்லப் பேசும் நாடகமாக வேண்டாம். விடிய விடிய ஆடட்டும், மத்தளம் அடிக்கட்டும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ரெட்டை அர்த்தத்தில் பேசட்டும். இன்னும் பெண் வேடம் கட்டும் கூத்துக்காரர்களையும் திருநங்கைக் கலைஞர்களையும் ஒத்திகையின் முதல் நாளே கூப்பிடுங்கள், நடிக்க மட்டுமல்ல, கதை எழுதவும். சம்பளத்தையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.