காசு கொடுத்தால் கிடைக்கும் காகிதமாம்!

ஆர்கானிக் பருப்புப் பொட்டலத்தின் விலையைக் காட்டி ஒரு அண்ணன் கோபப்படும் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியது போதும். பார்த்துவிட்டேன்.

ஆர்கானிக் சான்றிதழ் காசு கொடுத்தால் கிடைக்கும் என்கிறார் அதில். கனடாவில் நான் இருக்கும் சஸ்காட்செவனுக்கு வாருங்கள் அண்ணா, எந்தக் கவுன்டரில் கட்டுவது என்று எனக்கும் காட்டுங்கள். நான் வேலை செய்யும் பண்ணையில் ஒரு வயலில் ஆர்கானிக்கில் தடை செய்த மருந்து பட்டால், 36 மாதம் கழிந்து அறுப்பதுதான் ஆர்கானிக். அதுவரை களையோடு மல்லுக்கட்டி விளைந்ததையெல்லாம் சாதாரண விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஆய்வாளர் வருடா வருடம் வருவார். விதை வாங்கிய ரசீது, எந்த வயல், எந்தக் குதிர், எந்த லாரி, எல்லாம் கேட்பார். வாடகைக்கு அறுவடை இயந்திரம் வந்தால், உள்ளே சிக்கிய பழைய மணிகளைக் கம்ப்ரசர் காற்றடித்து எடுப்பது நான்தான். அந்தத் தூசி மூக்கை விட்டு லேசில் போகாது. அதையும் தேதி போட்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் சுத்தமே செய்யவில்லை என்றுதான் கணக்கு. காகிதமாம்!

"ஏமாற்றுபவர்களே இல்லையா?" இருக்கிறார்கள். எந்தத் தொழிலில் இல்லை? சரி, அடுத்தது.

"களைக்காக உழுது உழுது மண்ணைக் கெடுக்கிறீர்களே?" இது நியாயமான கேள்வி. 1930களில் இந்தச் சமவெளியின் மேல்மண் புழுதியாகப் பறந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஸ்வீட் குளோவர் என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுகிறோம், பயிரை மாற்றி மாற்றிப் போடுகிறோம். அது போதுமா என்றால், போதாதுதான். ஆனால் அறுவடைக்கு முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கும் பருப்பு வயல்களைப் பற்றி அண்ணன் ஏன் மூச்சுவிடவில்லை?

போன வருடம் பக்கத்து வயலில் காற்றடிக்கும் நேரம் பார்த்து மருந்தடித்தார்கள். எல்லையில் 8 மீட்டர் இடைவெளி விட்டிருந்தோம். அதையும் தாண்டி வந்து எங்கள் பருப்புச் செடி சுருண்டது. மருந்து பட்ட அந்த ஓரத்துக்கு மறுபடி 36 மாதம். அடித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்தது நாங்கள்.

கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரிலும் இதே கதைதான். மரபணு மாற்றிய கனோலா கலந்து தங்கள் பயிரே போயிற்று என்று இங்குள்ள ஆர்கானிக் விவசாயிகள் 2002இல் வழக்குப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து கூட்டு வழக்காக நடத்த அனுமதி இல்லை என்று 2005இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. மருந்தடிக்காதவன்தான் அடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் அவனே கட்ட வேண்டும். இதில் கோபப்பட நிறைய இருக்கிறது அண்ணா. நீங்கள் கோபப்பட்டது பொட்டலத்தின் விலையைப் பார்த்து.

"நம்ம ஆள்தானே, பார்த்துக் குறைத்துக் கொடுங்க" என்று என்னிடம் பேரம் பேசியவர்களே அந்தக் காணொளிக்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்தேன். அறுவடை முடிந்ததும் "எங்களுக்கு ஒரு மூட்டை எடுத்துவையுங்க" என்று இந்த வருடம் மெசேஜ் போட வேண்டாம்.