அது கொலுவுக்கு மட்டும் இல்லங்க, குழந்தை விளையாடுற பொம்மை

ஞாயித்துக்கிழமை பர்த்டே ஃபங்ஷன்ல என்ன நடந்துச்சுன்னு இத படிக்கிறவங்கள்ல பாதி பேருக்கு தெரியும், அங்கதான் இருந்தீங்க. மூணு நாளா வாய மூடிட்டுதான் இருந்தேன். நேத்து ராத்திரி எம்பொண்ணு ஒண்ணு கேட்டா, அதுக்கப்புறம் தூக்கமே வரல.

அண்ணி வீட்டு பையன் பர்த்டேக்கு நான் ராஜா ராணி தலையாட்டி பொம்மை ஜோடி குடுத்தேன், அத கஞ்சத்தனம்னு சொல்லிட்டாங்க. அது கஞ்சத்தனம் இல்ல. முதல்ல இத சொல்லிடுறேன்.

"பர்த்டேக்கு யாராச்சும் மண்ணு பொம்மை குடுப்பாங்களா, கொலுவுக்கு வேணா எடுத்து வெப்போம்"னு அந்த வீட்ல அத்தன பேர் முன்னாடி சொல்லி அலமாரி மேல தூக்கி வெச்சாச்சு. அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அந்த பையன் என்ன பண்ணான்னு யாராவது பாத்தீங்களா? நான் பாத்தேன். ராஜா பொம்மைய ஒரு விரலால சாச்சு விடுறான், அது எந்திரிச்சு நிக்குது, மறுபடி சாக்கிறான், மறுபடி நிக்குது, விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்புறம் என்கிட்ட வந்து "ஏன் அத்தை இது விழ மாட்டேங்குது"ன்னு கேட்டான். அஞ்சு வயசு புள்ளைய இப்படி கேக்க வெக்கிற பொம்மைக்கு எவ்வளவு வெல போடுவீங்க? அடியில உருண்டையா கனமான களிமண்ணு, மேல காகிதக் கூழ்ல செஞ்ச லேசான உடம்பு, எடை பூரா அடியில இருக்கறதால எப்படி தள்ளுனாலும் நிமிந்துரும்னு உக்காந்து சொல்லி குடுத்தேன், வாயப் பொளந்து கேட்டான். நம்ம தஞ்சாவூர் பொம்மை அது, 2008-09லயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள்னு அரசாங்கம் குடுக்கிற அடையாளம், வாங்கியாச்சு, நம்ம வீட்லதான் அதுக்கு இடம் இல்ல.

"பெயிண்ட் இருக்கே, வாயில வெச்சா என்னாகும், ஐஎஸ்ஐ மார்க் இருக்கா"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. நியாயமான கேள்விதான், எதையும் வாயில வெக்கிற கைக்குழந்தைக்கு நானும் குடுக்க மாட்டேன். 2021 ஜனவரியிலருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம், ஆனா பதிவு பண்ண கைவினைக் கலைஞர்கள் செய்றதுக்கும் புவிசார் குறியீட்டு பொம்மைக்கும் விலக்கு குடுத்துருக்காங்க. இத தெரிஞ்சுகிட்டுதான் வாங்குனேன். அன்னைக்கு மத்தவங்க குடுத்த ஒரு பொம்மை டப்பாவயும் யாரும் திருப்பி பாக்கலயே, என் பொம்மைக்கு மட்டும் ஏன் பரிசோதனை?

இன்னொன்னு சொன்னீங்க, அதுதான் ரொம்ப வலிச்சுது. "இவங்க புள்ளைய ஒரு மாலுக்கு கூட கூட்டிட்டு போக மாட்டாங்க, கோயிலு, அணைன்னு சுத்துவாங்க". ஆமா சுத்துவோம். தாராசுரம் கோயில்ல யானையும் காளையும் ஒரே தலையோட நிக்கிற சிற்பம் இருக்கு, ஒரு பக்க உடம்ப கையால மறைச்சா யானை, இன்னொரு பக்கத்த மறைச்சா காளை. எம்பொண்ணு அத கண்டுபிடிச்சுட்டு அங்க வந்த எல்லா பிள்ளைங்களயும் கைய புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுனா. கல்லணையில தண்ணி தொறந்த அன்னைக்கு போனோம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பேர் சொல்லிட்டே வந்தா, நம்ம ஊர் வாய்க்காலுக்கு எதுலருந்து தண்ணி வருதுன்னு அவளே கேட்டு தெரிஞ்சுகிட்டா. மாலுக்கும் போயிருக்கோம், போகாம இல்ல. ப்ளே ஏரியால காசு கட்டி உள்ள விட்டு நான் கண்ணாடிக்கு வெளியில நின்னேன், டைம் முடிஞ்சதும் அழுதுட்டே வந்தா, அங்க என்ன பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. மாலே தப்புன்னு சொல்லல. எங்கள ஏன் கேவலமா பேசுறீங்கன்னுதான் கேக்குறேன்.

பழம்பெருமை பேசுறேன்னு சொல்லுவீங்க. பெருமை இல்லங்க. நான் ரெண்டாவது படிக்கும்போது ஒரு வருஷம் ஆத்துல தண்ணி வரல, எங்க அப்பா குறுவை போடவே இல்ல, வீட்டுல எல்லாத்துக்கும் கடன். அந்த வருஷம் ராஜராஜ சோழன் சதய விழாவுக்கு பெரிய கோயில் போயிட்டு வந்தப்ப துண்டுல சுத்தி ராணி பொம்மை மட்டும் கொண்டு வந்தாரு. ஜோடியா வாங்க காசு பத்தல. "அடுத்த வருஷம் ராஜாவ வாங்கியாறேன் தாயி"ன்னாரு. வாங்கவே இல்ல, நானும் கேக்கல. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, ராணி இன்னும் எங்க டிவி ஸ்டாண்டுல இருக்கு, மூக்குகிட்ட பெயிண்ட் உரிஞ்சு போச்சு. அதனாலதான் எந்த குழந்தைக்கு குடுத்தாலும் நான் ஜோடியாதான் வாங்குவேன். அத போயி கஞ்சத்தனம்னு சொல்றீங்க.

நேத்து ராத்திரி எம்பொண்ணு கேட்டது இதான், "அம்மா, அவங்களுக்கு பிடிக்கலன்னா நாம போயி அந்த பொம்மைய வாங்கிட்டு வந்துரலாமா, அலமாரி மேல இருட்டா இருக்கும்ல".

அந்த வீட்டுக்காரங்க இத படிப்பீங்கன்னு தெரியும். நிஜமாவே வேணாம்னா ஒரு போன் பண்ணுங்க அண்ணி, நானே வந்து எடுத்துக்கிறேன். வேணும்னா அந்த பையன் கைக்கு எட்டுற மாதிரி கீழ எடுத்து வைங்க.