முத்தம்மா எழுதிக் கொடுத்த காகிதம்

போன வாரம் அக்கா மகள் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போய் வந்தாள். "கல்யாணம் எப்போ? அதுக்கப்புறமும் வேலைக்கு வருவீங்களா?" என்று கேட்டார்களாம். முகம் வாடிப்போய்ச் சொன்னாள். எனக்கு உடனே சி.பி. முத்தம்மா நினைவுக்கு வந்தார்.

பொது அறிவுப் புத்தகங்களில் அவருக்கு ஒரே ஒரு வரி: இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்த வரியோடு அவரை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். முதலாவதாக உள்ளே நுழைந்ததைவிட, உள்ளே இருந்துகொண்டே அவர் செய்த காரியம் பெரியது.

1924இல் குடகின் விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் படிக்க வைத்தார். முத்தம்மா படித்தது நம்ம சென்னையில்: மகளிர் கிறித்தவக் கல்லூரி, அப்புறம் மாநிலக் கல்லூரி. 1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். நேர்காணல் குழுவோ, வெளியுறவு வேலை பெண்களுக்கு ஒத்துவராது என்று அவர் மனதை மாற்றப் பார்த்தது. அவர் மசியவில்லை. கல்யாணம் ஆனால் ராஜினாமா செய்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் 1949இல் பணியில் சேர முடிந்தது.

இது ஏதோ ஒரு அதிகாரியின் பிடிவாதம் இல்லை. பின்னால் வந்த 1961ஆம் ஆண்டு வெளியுறவுப் பணி விதிகளிலேயே இப்படியொரு நிபந்தனை அச்சில் இருந்தது. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால், பதவி விலகச் சொல்லலாம். ஆண்களுக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்புறம் கானா. ஆனால் அடுத்த பதவி உயர்வில், தகுதி போதவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தனக்குச் சம்பளம் தரும் அரசு மீதே வழக்கு! அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்து, நெதர்லாந்துக்குத் தூதராக நியமித்தார்கள். அதனால் 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். சிலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும், ஜெயித்தது யார் என்று. குடும்பப் பொறுப்பு வேலைக்குக் குறுக்கே வரும் என்றால் அது ஆணுக்கும் வரலாமே என்று கேட்டார் நீதிபதி. முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பரிசீலிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெண்ணும் வழக்குப் போடட்டும் என்று காத்திராமல், எல்லாப் பணி விதிகளிலும் உள்ள பாகுபாட்டைக் களையுங்கள் என்றார். அந்தக் கல்யாண அனுமதி விதியை நீக்குவதாக அரசே ஒப்புக்கொண்டிருந்தது.

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார். 2009இல் காலமானார்.

அக்கா மகளுக்கு அந்தத் தீர்ப்பை அனுப்பி வைத்தேன். சில பக்கங்கள்தான். படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "எழுதிக் கொடுத்த அந்த அம்மா, கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலையா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.