மருது என்றால் எந்த மருது?

வைகைக் கரையிலும் கண்மாய்களிலும் மரக்கன்று நடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நர்சரியில் போய் "மருது நூறு கன்னு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் குறைந்தது மூன்று மரங்கள் இருக்கின்றன. எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பத்து வருஷம் கழித்து உங்களுக்கு வேண்டாத மரம் அங்கே நிற்கும்.

முதலில் நீர்மருது. தாவரவியல் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. ஆற்றங்கரை மரம், வேரடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். பட்டை வெளிறிய சாம்பல் நிறம், வழவழப்பு, தகடு தகடாக உரியும். இரண்டாவது கருமருது, டெர்மினாலியா எலிப்டிகா. பழைய நூல்களில் டொமென்டோசா என்று இருக்கும். இதன் பட்டை கறுத்து, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். மேற்கு மலைக் காடுகளின் மரம், கட்டை நல்ல வைரம். மூன்றாவது பூமருது, லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா. ஊதாவும் ரோஸும் கலந்த நிறத்தில், கசங்கிய துணி மாதிரி இதழோடு பூக்கும். இது முந்தைய இரண்டுக்கும் சொந்தமே கிடையாது. நீர்மருதுக்கும் கருமருதுக்கும் உறவு கடுக்காயும் தான்றிக்காயும். பூமருதோ மருதாணியின் குடும்பம்.

கன்று சின்னதாக இருக்கும்போது பட்டையும் பூவும் உதவாது. இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக இரண்டு முண்டுகள் இருந்தால் அது டெர்மினாலியா வகை. பூமருதில் அந்த முண்டுகள் இருக்காது. கருமருதின் இளந்தளிரில் மெல்லிய ரோமம் தெரியும். மரத்தடியில் காய் கிடந்தால் வேலை இன்னும் சுலபம். நீர்மருது, கருமருது இரண்டின் காய்க்கும் ஐந்து இறக்கை உண்டு. இறக்கையில் ஓடும் கோடுகள் மேல்நோக்கி வளைந்து போனால் நீர்மருது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடினால் கருமருது. பூமருதின் காய் உருண்டை, காய்ந்ததும் வெடித்து மரத்திலேயே தொங்கும்.

கண்மாயில் நடுவதானால் நீர்மருதுதான் என் தேர்வு. உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பக்கம்) ஓரமாக, கன்றுக்குக் கன்று 25 அடியாவது விட்டு நடுங்கள். மடை, கலுங்கு (மிகைநீர் வழியும் கட்டுமானம்) பக்கத்தில் மட்டும் வேண்டாம். வளர்ந்த மரத்தின் அடி பலகை பலகையாக அகலும், கட்டுமானத்தைப் பெயர்த்துவிடும். மின்கம்பி போகிற தெருவில் நீர்மருதை வைத்து, பிறகு வருஷா வருஷம் தலையை வெட்டுவது மரத்துக்குச் செய்கிற கொடுமை. அங்கே பூமருது போதும்.

இனி ஆள் பெயருக்கு வருகிறேன். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைத் தெரியாதவர் இங்கே இல்லை. ஆங்கிலேயருக்கு எதிராக எழச்சொல்லி 1801 ஜூன் 16 தேதியிட்டு வந்த ஜம்புத்தீவுப் பிரகடனம் சின்ன மருதுவுடையது. அதே வருஷம் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட படைத்தலைவர் யூசுப் கானின் இயற்பெயராகச் சொல்லப்படுவது மருதநாயகம். இன்றும் மருதுபாண்டி, மருதமுத்து, மருதாயி இல்லாத ஊர் இந்தப் பக்கம் அபூர்வம். சங்கப் புலவரிலேயே மதுரை மருதன் இளநாகனார் இருக்கிறார். மனிதர்களைப் பிரித்துச் சொல்லப் பெரிய, சின்ன என்று அடைமொழி வைத்தோம். மரத்துக்கும் நீர், கரு, பூ என்று முன்னோர் கச்சிதமாக வைத்திருக்கிறார்கள். அதை நாம்தான் சோம்பலில் உதிர்த்துவிட்டோம்.

பூங்காக்களில் "அர்ஜுனா மரம்" என்று பலகை பார்க்கிறோம். பாண்டவ அர்ச்சுனன் பெயரை மரத்துக்கு வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். வடமொழியில் அர்ஜுன என்றால் வெண்மை, ஒளி. வெளிறிய பட்டையால் மரத்துக்கு அந்தப் பெயர். வீரன் பெயரும் அதே சொல்தான், மரம் அவனிடம் கடன் வாங்கவில்லை. தமிழில் இதற்கு நேரான சொல் மருது என்பதற்குக் கோயில்களே சாட்சி. மத்தியார்ஜுனம் என்று வடமொழியில் சொல்லும் தலம் நமக்குத் திருவிடைமருதூர், சாமி மருதவாணர். கண்ணன் உரலோடு தவழ்ந்து முறித்த யமளார்ஜுன மரங்களை ஆழ்வார்கள் மருது என்றே பாடுகிறார்கள். எனவே நம் ஊரில் வைக்கிற பலகையில் முதல் வரி நீர்மருதாக இருக்கட்டும்.

பூமருதின் கதை தலைகீழ். அங்கே மனிதன் பெயர் மரத்துக்குப் போயிருக்கிறது. லாகர்ஸ்ட்ரோமியா என்பது மக்னஸ் லாகர்ஸ்ட்ராம் என்ற சுவீடன் வணிகரின் பெயர். தாவர மாதிரிகள் தருவித்துக் கொடுத்த நண்பருக்காகத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது.

சங்கப் பாட்டு மருது எல்லாமே நீர்மருது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறுந்தொகை 50-ஆம் பாட்டில் "செவ்வீ மருது", அதாவது சிவந்த பூ, துறையில் உதிர்ந்து கிடக்கிறது. நீர்மருதின் பூ வெளிர்மஞ்சள், கதிர் கதிராகப் பொடிப்பொடியாக இருக்கும், அது எப்படிச் சிவக்கும்? அந்தப் பாட்டுக்குப் பூமருதே பொருந்துகிறது. வையையின் (வைகையின்) திருமருத முன்துறை என்ற படித்துறையில் இரண்டும் நின்றிருந்தால் எனக்கு வியப்பில்லை.

அதேபோல, "மருத மரம் நிறைந்ததால் மருதை, அது மதுரை ஆனது" என்று அடித்துச் சொல்வதையும் நிறுத்தலாம். கிராமத்தில் மருதை என்பார்கள், உண்மை. அதே வாய் குதிரையைக் குருதை என்றும் சொல்லும். எழுத்து இடம் மாறுவது பேச்சின் இயல்பு. அழகர்மலையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் இருப்பது மதிரை. மரத்தின் பெருமைக்கு ஊர்ப் பெயர் வேண்டியதில்லை.

கடைசியாக மருதம்பட்டை. இதயத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். பொடித்த பிறகு நீர்மருதா கருமருதா என்று கண்ணால் பிரிக்க முடியாது, கலப்படம் நடப்பதும் அங்கேதான். துண்டாகக் கேளுங்கள். வெளிப்புறம் வழவழப்பான சாம்பல், உட்புறம் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு என்றால் நீர்மருது. வெளிப்புறம் கறுத்து ஆழமாக வெடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைக் குடிக்கவே கூடாது.