வெறுங்கையோடு வந்தவர்

(மாலை ஏழு மணி. கமலா கைபேசியில் கம்பராமாயணச் சொற்பொழிவு கேட்டபடி பீன்ஸ் நறுக்குகிறார். கண்ணில் நீர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போன கணவர் சுந்தரம் உள்ளே வருகிறார்.)

சுந்தரம்: என்ன, வெங்காயமா?

கமலா: பீன்ஸுங்க. ராவணன் தோற்றுவிட்டான்.

சுந்தரம்: அது தெரிந்த கதைதானே! அடுத்தவன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கா கண்ணீர்? உன் பாட்டி நம்பியாரைத் திரையில் பார்த்தாலே மண்ணை வாரித் தூற்றுவார்.

கமலா: அந்த நம்பியார் நிஜத்தில் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போன குருசாமி. பாட்டிக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. சரி, குறுக்கே பேசாதீர்கள். ராவணன் சாக வேண்டியவன்தான். ஆனால் 'இன்று போய் நாளை வா' என்று ராமன் அனுப்பியதும் திரும்பி வருகிறான் பாருங்கள்... யானையோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சப் பாடிய நாக்கு, பத்துக் கிரீடம், சிவன் கொடுத்த வாள், எல்லாவற்றையும் களத்திலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தானாம்.

சுந்தரம்: வாளைப் போடலாம். நாக்கை எப்படிப் போட்டுவிட்டு வர முடியும்?

கமலா: கூட்டத்தில் இன்று என்ன பேசினீர்கள்?

சுந்தரம்: செயலாளர் எங்கே பேச விட்டார்?

கமலா: முடிகிறது இல்லையா? குடை எங்கே?

சுந்தரம்: அங்கேயே...

கமலா: கணக்குக் கேட்கக் கொண்டுபோன ஃபைல்?

சுந்தரம்: நீ ராவணனைச் சொல்.

கமலா: ஊரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே நடந்தான்.

சுந்தரம்: (மெதுவாக) மாடிப்படியில் நானும்...

கமலா: வானமும் மண்ணும் சிரிக்குமே என்றுகூட வெட்கப்படவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் கூனிக் குறுகினானாம். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன அயோக்கியனாக இருந்தாலும், அந்த வெட்கம் நம் வீட்டு ஆள் வெட்கம் மாதிரி இருக்கிறது.

சுந்தரம்: அவனுக்கு அழுகிறாய். எனக்கு?

(கமலா உதட்டைக் கடிக்கிறார். தோள் குலுங்குகிறது. பீன்ஸ் தட்டு சரிகிறது.)

சுந்தரம்: சிரித்துவிட்டாய்!

கமலா: இருமல்.

சுந்தரம்: போகட்டும். அப்புறம் ராவணன் என்ன செய்தான்?

கமலா: தூங்குகிற தம்பியை எழுப்பச் சொல்லி ஆள் அனுப்பினான்.

(இருவரும் உள் அறையைப் பார்க்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த சுந்தரத்தின் தம்பியின் குறட்டை கேட்கிறது.)