இசக்கி வீட்டுப் பள்ளிக்கூடம்

(தமிழ்நாட்டு எல்லையோரம், புளியரை. இசக்கி வீட்டுத் திண்ணை. எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் கோலப்பொடி டப்பாவோடு வந்து நிற்கிறார். ஒரு காலத்தில் இசக்கிக்கு ரெண்டாங்கிளாஸ் எடுத்தவர்.)

டீச்சர்: ஏல இசக்கி, என்னல விடியக்காலம் மணிச் சத்தம்? கோயில்ல கொடையோன்னு ஓடியாந்தேன்.

இசக்கி: கொடை இல்ல டீச்சர், பிரேயர் பெல்லு. பாப்பாவ ஸ்கூல்ல சேக்கல. வீட்டுலயே படிக்க வைக்கப் போறோம்லா, இன்னைக்குத் தொறப்பு.

டீச்சர்: நல்லதுதான். அதுக்கு அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்குல டை?

இசக்கி: ஒழுங்கு வேணும்லா. டைம்டேபிளப் பாருங்க. ஒம்பதுல இருந்து அஞ்சு. பாடம் எல்லாம் நானும் எம் பொண்டாட்டியும். பி.டி. மாஸ்டர் எங்க அம்மை.

டீச்சர்: அவளுக்கு முட்டுவலிலா!

இசக்கி: உக்காந்துதான் விசில் ஊதுவா.

டீச்சர்: பிள்ளைய எங்க?

இசக்கி: ரெண்டாம் பீரியட்லயே ஓடிட்டா டீச்சர். (குரலைத் தாழ்த்தி) பயமாக் கெடக்கு. மச்சினன் மவன் நூறு வரைக்கும் மூச்சுவிடாம ஒப்பிக்கான். இவ இருவதுலயே தடுக்கி விழுதா. போலீசு கீலீசு வந்துருமோ?

டீச்சர்: செக்போஸ்ட்ல லாரியப் பாக்கவே அவுகளுக்கு நேரம் காணல. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்குல. பள்ளிக்கூடத்துல சேக்கது பெத்தவங்க கடமைன்னு அதுல இருக்கு. சேக்காட்டா செயிலுன்னு எழுதல.

இசக்கி: நடுவுல மனசு மாறிட்டா?

டீச்சர்: கூட்டிட்டுப் போ. வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்கணும்னு அதே சட்டம் சொல்லுது.

இசக்கி: பத்தாவது பரீட்சை?

டீச்சர்: என்.ஐ.ஓ.எஸ்.னு மத்திய அரசு திறந்தநிலைப் பள்ளி, 1989ல இருந்து இருக்கு. 14 வயசானா எழுதலாம். பால்பல்லு விழாத பிள்ளைக்கு இப்பவே ஹால்டிக்கெட் தேடுத பாரு!

இசக்கி: ஆனா டீச்சர், நாள் முழுக்கச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட சரக்கு இல்லியே.

டீச்சர்: யாருகிட்டல இருக்கு? எங்கிளாஸ்ல நாப்பது பிள்ளைய. வருகைப் பதிவு, ஒண்ணுக்கு, "டீச்சர் இவன் கிள்ளிட்டான்", சத்துணவு, தட்டு கழுவ வரிசை, திரும்ப ஒண்ணுக்கு. இடையில கெடச்ச நேரம்தான் பாடம். அதுல உம் பக்கம் நான் திரும்புனது ரெண்டு நிமிசம் இருக்கும்.

இசக்கி: அதும் பிரம்போட.

டீச்சர்: ஒத்தப் பிள்ளைக்கு இந்த வயசுல அரைமணி நேரம் மடியில வச்சுக் கதை வாசிச்சு, கூடப் பேசுனா போதும்ல. மிச்சத்துக்கு விளையாடட்டும்.

இசக்கி: எட்டு மணி நேரத்துல அரை போனா ஏழரைலா!

டீச்சர்: அந்த ஏழரையத்தான் காசு குடுத்து பிரிண்ட் போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்க. கிழி மொதல்ல.

இசக்கி: நாலு பேரோட பழகத் தெரியாமப் போயிரும்னு மாமியா சொல்லுதாவ.

டீச்சர்: யாரு, ஒம் மவளா? நேத்து பஞ்சர் கடையில கொல்லத்து டிரைவர்கிட்ட "எந்தா சேட்டா விசேஷம்"னு கேட்டு முட்டாய் வாங்கிட்டு வாரா. லோடோட புனலூர் போறப்ப அவளையும் ஏத்திக்க. கோட்டைவாசல் தாண்டுனா கேரளாலா, போர்டுல எழுத்து மலையாளமா மாறுததக் காட்டு. பதிமூணு கண் பாலத்துக்கிட்ட நிப்பாட்டி எண்ணச் சொல்லு. தெங்காசிக் காத்துக்கும் அங்கத்த மழைக்கும் நடுவுல மலை நிக்குதத அவளே கேப்பா.

இசக்கி: கணக்கு?

டீச்சர்: ரெண்டாம் பீரியட்ல ஓடுனவ எங்க வாசல்லதான் இருக்கா. ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளிக் கோலம். நடு வரிசை வரைக்கும் ஒண்ணொண்ணாக் கூட்டணும், பொறவு ஒண்ணொண்ணாக் குறைக்கணும். பிசகாம வச்சிட்டா. மொத்தம் எத்தனை புள்ளி, சொல்லு பாப்போம்?

இசக்கி: (விரல் விட்டு, கால்விரலையும் சேர்த்து) முப்பத்தாறு?

டீச்சர்: முப்பத்தேழு. நீ அன்னைக்கும் இப்படித்தாம்ல.

இசக்கி: மச்சினன் எந்த ஸ்கூல்னு கேட்டா மானம் போயிரும் டீச்சர்.

டீச்சர்: கேக்கட்டும். நூறு ஒப்பிக்கான்லா அவன் மவன், அவங்கிட்ட முப்பத்தேழுக்கு முந்தி என்னன்னு கேளு. ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பான்.

இசக்கி: முப்பத்தாறுலா!

டீச்சர்: அப்பாடி. இப்பத் தேறிட்டல.